ஜாக்கி ராபின்சன்

ஜாக்கி ராபின்சன் என்று பரவலாக அறியப்படும் ஜாக் ரூசவெல்ட் ராபின்சன் (ஜனவரி 31, 1919 – அக்டோபர் 24, 1972) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த புகழ்பெற்ற அடிபந்தாட்ட வீரர் ஆவார். இருபதாம் நூற்றாண்டில் மேஜர் லீக் எனப்படும் முதன்மைக் கூட்டிணைவுகளில் ஆடிய முதல் கறுப்பின வீரர் இவரே. ஏப்ரல் 15, 1947 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கியதன் மூலம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக நிலவிவந்த நிறத்தடையை இவர் முறித்தார். ஜூலை 12, 1949 அன்று நடைபெற்ற நட்சத்திர வீரர்கள் காட்சிப் போட்டியில் பங்கேற்றார். கறுப்பின வீரர்கள் இடம்பெற்ற முதல் நட்சத்திரப் போட்டி அது. பொதுவாக இவரைப் பற்றிய நூல்கள் 1947 ஆம் ஆண்டையே பெரிதும் பேசுகின்றன. ஆயினும் இவர் வாழ்வின் வெற்றியும் சிக்கலும் ஒருங்கே வெளிப்பட்ட ஆண்டு 1949 என்றே கூற வேண்டும்.

பிறப்பும் இளமையும்

ராபின்சன் ஜோர்ஜியா மாநிலத்தின் கெய்ரோ என்னும் ஊரில் ஜெரி, மேலி இணையருக்கு ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். பெற்றோர் விளைச்சலில் பங்கு கொடுத்துப் பிறர் நிலத்தை உழுத வாரக் குடியானவர்கள். இவர் பிறப்பதற்கு 25 நாட்கள் முன்னர் மறைந்த முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட்டின் நினைவாக இவருக்கு நடுப்பெயர் இடப்பட்டது. 1920 இல் தந்தை குடும்பத்தை விட்டு நீங்கினார். தாய் ஐந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தொடர்வண்டியில் கலிபோர்னியாவின் பாசடீனா நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு வீட்டுவேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

பாசடீனா தென் மாநிலமன்று. எனினும் அங்கும் பாகுபாடு இருந்தது. நகரின் பொது நீச்சல் குளத்தில் வெள்ளையரல்லாதோர் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே அனுமதிக்கப்பட்டனர். ராபின்சன் குடும்பம் குடியிருந்த பெப்பர் தெருவில் அவர்களை வெளியேற்ற அண்டை வீட்டார் முயன்றனர். ஆனால் மேலி அசைந்து கொடுக்கவில்லை.

அண்ணன் மேக் ராபின்சன் சிறந்த ஓட்டப்பந்தய வீரர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெசி ஓவன்சை விட 0.4 நொடி பின்தங்கி வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஊர் திரும்பிய அவருக்குக் கிடைத்தது தெருக்கூட்டும் வேலையே. ஒலிம்பிக் மேலங்கியை அணிந்தபடியே அவர் தெருக்களைப் பெருக்கினார் என்பர். விளையாட்டில் பெறும் புகழ் ஒரு கறுப்பினத்தவருக்கு எதைத் தரும், எதைத் தராது என்பதைத் தம்பி தம் பதினேழாம் வயதிலேயே வீட்டுக்குள் கண்டுகொண்டார்.

கல்லூரியும் படைப்பணியும்

பாசடீனா இளநிலைக் கல்லூரியிலும், பின்னர் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலும் ராபின்சன் பயின்றார். கால்பந்து, கூடைப்பந்து, தடகளம், அடிபந்தாட்டம் ஆகிய நான்கிலும் அப்பல்கலைக்கழகத்தின் அணித் தகுதிச் சின்னம் பெற்ற முதல் மாணவர் இவர். 1940 இல் கல்லூரிகளுக்கிடையேயான நீளம் தாண்டுதல் தேசியப் பட்டத்தையும் வென்றார். அந்நான்கு விளையாட்டுகளுள் இவர் மிகவும் பின்தங்கியிருந்தது அடிபந்தாட்டத்தில்தான் என்பது வியப்புக்குரியது. பிற்காலத்தில் தம் மனைவியான ரேச்சல் ஐசமை இப்பல்கலைக்கழகத்திலேயே சந்தித்தார். குடும்பத்தின் பணநெருக்கடி காரணமாக 1941 இல் பட்டம் பெறாமலேயே வெளியேறினார்.

1942 இல் படையில் சேர்க்கப்பட்டு கான்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ரைலி முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கு கறுப்பினத்தவர் அதிகாரிப் பயிற்சியில் சேர்வது தாமதப்படுத்தப்பட்டு வந்தது. அதே முகாமிலிருந்த குத்துச்சண்டை வாகையர் ஜோ லூயியின் முயற்சியால் அத்தடை நீங்கியது. 1943 சனவரியில் ராபின்சன் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார்.

ஜூலை 6, 1944 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ஹூட் முகாமில், படைப் பேருந்தின் பின்பகுதிக்குச் செல்லுமாறு ஓட்டுநர் பணித்தபோது ராபின்சன் மறுத்தார். படைப் பேருந்துகளில் இனவாரியாக இருக்கை ஒதுக்குதல் அதற்குள் தடைசெய்யப்பட்டிருந்தது. சட்டம் தம் பக்கம் இருப்பதை அவர் அறிந்திருந்தார். எனினும் கீழ்ப்படியாமைக் குற்றச்சாட்டில் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். ஒன்பது அதிகாரிகள் கொண்ட அமர்வு அவரைக் குற்றமற்றவர் எனத் தீர்த்தது. அவர் இணைக்கப்பட்டிருந்த 761 ஆவது தாங்கிப் படைப்பிரிவு அவரின்றியே ஐரோப்பியப் போர்முனைக்குச் சென்றது. 1944 நவம்பரில் மதிப்புடன் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

நிறத்தடையும் இரு நட்சத்திரப் போட்டிகளும்

முதன்மைக் கூட்டிணைவுகளில் கறுப்பினத்தவர் ஆடக்கூடாது என்று எழுதப்பட்ட விதி எதுவும் இருந்ததில்லை. 1880களின் இறுதியில் அணி உரிமையாளர்களிடையே உருவான புரிந்துணர்வே தடையாக நின்றது. எழுதப்படாததால் அதை எதிர்த்து வழக்காடவும் இயலவில்லை. ஆகவே கறுப்பின வீரர்கள் தமக்கெனத் தனிக் கூட்டிணைவுகளை அமைத்துக்கொண்டனர்.

1933 இல் சிக்காகோவின் கமிஸ்கி பார்க் அரங்கில் முதலாவது நட்சத்திர வீரர்கள் போட்டி நடைபெற்றது. அமெரிக்கக் கூட்டிணைவு, தேசியக் கூட்டிணைவு ஆகிய இரண்டும் தத்தம் சிறந்த வீரர்களை ஒரே அணியாகத் திரட்டி மோதும் காட்சிப் போட்டி இது. இதன் முடிவு எந்த அணியின் புள்ளிகளையும் பாதிப்பதில்லை. நாட்டின் மிகச்சிறந்த வீரர்கள் யாவர் என்று காட்டுவதே இதன் நோக்கம். அதே ஆண்டு செப்டம்பரில் அதே அரங்கில் கறுப்பின வீரர்களின் கிழக்கு–மேற்கு நட்சத்திரப் போட்டி தொடங்கியது. ஒரே திடலில் ஒரே கோடைகாலத்தில் இரண்டு தனித்தனி நட்சத்திரப் போட்டிகள் நடந்தன என்பதே அன்றைய நிலையை விளக்கப் போதுமானது.

1945 இல் கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியில் மாதம் 400 டாலர் ஊதியத்தில் சேர்ந்த ராபின்சன், அவ்வாண்டின் கிழக்கு–மேற்குப் போட்டியில் மேற்கு அணிக்காக ஆடினார். அதற்குச் சில மாதங்கள் முன்னர், ஏப்ரலில், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி அவரையும் வேறு இரு கறுப்பின வீரர்களையும் தகுதித் தேர்வுக்கு அழைத்துவிட்டு எவரையும் சேர்த்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பியது. முதன்மைக் கூட்டிணைவு அணிகளுள் கறுப்பின வீரரை இறுதியாகச் சேர்த்துக்கொண்ட அணியும் அதுவே. அது 1959 ஆம் ஆண்டிலாகும்.

புரூக்ளின் டாட்ஜர்ஸ்

புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி ஆகஸ்டு 28, 1945 அன்று ராபின்சனை வரவழைத்து ஏறத்தாழ மூன்று மணி நேரம் உரையாடினார். எதிரணியினரும் பார்வையாளரும் வீசக்கூடிய வசைகளைத் தாமே நடித்துக் காட்டி, அவற்றைத் திருப்பித் தாக்காமல் பொறுத்துக்கொள்ள இயலுமா என்று சோதித்தார். ராபின்சன் உடன்பட்டார். இவ்வுடன்பாடு மூன்று ஆண்டுகளுக்கானது எனக் கூறப்படுகிறது. பேருந்தில் இடம்மாற மறுத்து நீதிமன்றம் வரை சென்ற ஒருவரிடம் கேட்கப்பட்ட வாக்குறுதி இது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

1946 பெப்ரவரியில் ரேச்சலை மணந்தார். அவ்வாண்டு டாட்ஜர்ஸின் துணை அணியான மான்ட்ரியால் ராயல்ஸில் ஆடித் தம் கூட்டிணைவிலேயே மிக உயர்ந்த மட்டைச் சராசரியான .349 ஐப் பெற்றார். மட்டைச் சராசரி என்பது ஆயிரத்தில் எத்தனை முறை வெற்றிகரமாக அடித்தார் என்பதைக் குறிக்கும். துடுப்பாட்டச் சராசரியிலிருந்து இது முற்றிலும் வேறானது. இதில் .300 பெற்றாலே ஒருவர் சிறந்த வீரர்.

ஏப்ரல் 15, 1947 அன்று எபெட்ஸ் ஃபீல்டு அரங்கில் பாஸ்டன் பிரேவ்ஸ் அணிக்கெதிராக 28 வயதில் முதன்மைக் கூட்டிணைவில் அறிமுகமானார். அரங்குக்கு வந்தோர் 26,623 பேர். ராபின்சன் அன்று ஓர் அடியும் பெறவில்லை. எனினும் எதிரணியின் பிழையால் தளமடைந்து ஓர் ஓட்டம் எடுத்தார். டாட்ஜர்ஸ் 5–3 என வென்றது.

அடுத்த வாரமே பிலடெல்பியா பில்லீஸ் அணியின் மேலாளர் பென் சாப்மன் தலைமையில் அவ்வணியினர் இனவசைகளைப் பொழிந்தனர். எதிர்ப்பு வலுத்ததும், சாப்மன் ராபின்சனுடன் நின்று ஒரே மட்டையைப் பிடித்தபடி ஒளிப்படம் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. தமது பதவி நிலைக்க வேண்டி அவர் நின்றார். வாக்குறுதியைக் காக்க வேண்டி ராபின்சனும் நின்றார். சக வீரர் பீ வீ ரீஸ் மைதானத்தில் ராபின்சன் தோளில் கைபோட்டு வசையாளர்களை வாயடைக்கச் செய்தார் என்ற செய்தி பலரும் அறிந்தது. அது 1947 இல் சின்சினாட்டியில் நடந்தது என்று சிலரும், 1948 இல் பாஸ்டனில் நடந்தது என்று சிலரும் கூறுவர். இருவரிடையே இருந்த நட்பில் ஐயமில்லை.

அவ்வாண்டு .297 சராசரியும் 29 தளத் திருட்டுகளும் பெற்று ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதை வென்றார். பந்தெறிவாளர் பந்தை எறிய முற்படும் வேளையில் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்ந்துவிடுவதே தளத் திருட்டு எனப்படும். இது விதிக்குட்பட்ட செயல். ராபின்சன் ஓடாத வேளையிலும் ஓடப்போவதுபோல் ஆடி அசைந்து பந்தெறிவாளரின் கவனத்தைக் குலைப்பார். கறுப்பினக் கூட்டிணைவுகளில் வளர்ந்த இவ்வேகமான ஆட்டமுறை இவரால் முதன்மைக் கூட்டிணைவுகளுக்கு வந்து சேர்ந்தது.

1949

மூன்று ஆண்டுக் கெடு முடிந்தது. 1949 முதல் நடுவரோடு வாதிடவும் வசைக்கு வசை திருப்பவும் ராபின்சன் தயங்கவில்லை. அதுவரை அவரது பொறுமையைப் புகழ்ந்த செய்தியாளர்களுள் சிலர் இப்போது அவரைச் சினக்காரர் என எழுதத் தொடங்கினர்.

அவ்வாண்டு ஏப்ரலில் டாட்ஜர்ஸ் ஜோர்ஜியாவின் தலைநகர் அட்லாண்டாவில் உள்ளூர் அணியுடன் மூன்று காட்சிப் போட்டிகள் ஆடியது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து ஆடும் போட்டி நடக்கக்கூடாது என்று கூ கிளக்ஸ் கிளான் அமைப்பின் மாநிலத் தலைவர் எதிர்ப்புத் தெரிவித்தார். போட்டிகள் தடையின்றி நடந்தன. மூன்றாம் ஆட்டத்துக்கு 25,000 பேருக்கு மேல் திரண்டனர். வாரக் குடியானவரின் மகனாகத் தாம் பிறந்த மாநிலத்தில் ராபின்சன் இவ்வாறு ஆடினார்.

நட்சத்திரப் போட்டி

பதினாறாவது நட்சத்திர வீரர்கள் போட்டி ஜூலை 12, 1949 அன்று டாட்ஜர்ஸின் சொந்தத் திடலான எபெட்ஸ் ஃபீல்டில் நடைபெற்றது. தொடக்க வீரர்களைப் பொதுமக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். 1947, 1948 ஆகிய இரு ஆண்டுகளிலும் இடம்பெறாத ராபின்சன், இம்முறை டெட் வில்லியம்சுக்கு அடுத்ததாக நாட்டிலேயே மிகுதியான வாக்குகளைப் பெற்றார். அவ்வேளையில் 16 அணிகளுள் மூன்றில் மட்டுமே கறுப்பின வீரர்கள் இருந்தனர் என்பதைக் கருதினால் இவ்வாக்குகளின் பொருள் விளங்கும். தொடக்க வீரர்கள் அல்லாத ஏனையோருள் டாட்ஜர்ஸின் பிடிப்பாளர் ராய் கம்பனெல்லா, பந்தெறிவாளர் டான் நியூகம், எதிரணியான அமெரிக்கக் கூட்டிணைவில் கிளீவ்லாந்தின் லேரி டோபி ஆகிய மேலும் மூன்று கறுப்பின வீரர்களும் இடம்பெற்றனர். டோபி, ராபின்சனுக்குப் பதினொரு வாரங்கள் பின்னர் அமெரிக்கக் கூட்டிணைவில் அறிமுகமானவர்.

ஆட்டத்தைக் காண 32,577 பேர் வந்திருந்தனர். ஆட்டம் அத்துணைச் சிறப்பாக அமையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தேசிய அணி ஐந்து பிழைகள் செய்தது. முதல் இன்னிங்ஸிலேயே அப்பிழைகளின் துணையுடன் அமெரிக்க அணி நான்கு ஓட்டங்கள் எடுத்தது. பதிலுக்கு ராபின்சன் இரு தள அடி ஒன்றை அடித்தார். அடுத்து வந்த ஸ்டான் மியூசியல் ஹோம் ரன் அடித்து அவரையும் வீடு சேர்த்தார். இரண்டாம் இன்னிங்ஸில் மூன்று தளங்களிலும் ஓட்டக்காரர்கள் நிற்க, நியூகம் இடப்புறம் தொலைவாக அடித்த பந்தை டெட் வில்லியம்ஸ் ஓடிச்சென்று பிடித்தார். அது தப்பியிருந்தால் ஆட்டத்தின் போக்கே மாறியிருக்கும். மூன்றாம் இன்னிங்ஸ் முடிவில் தேசிய அணி 5–4 என முன்னிலை பெற்றும் அதைத் தக்கவைக்க இயலவில்லை. காயத்தால் நெடுநாள் ஆடாதிருந்த ஜோ டிமாஜியோ எதிரணிக்கு மூன்று ஓட்டங்களை ஈட்டித் தந்தார். முடிவில் அமெரிக்கக் கூட்டிணைவு 11–7 என வென்றது. தோல்வி நியூகமின் கணக்கில் எழுதப்பட்டது. ராபின்சன் மட்டும் மூன்று ஓட்டங்கள் எடுத்திருந்தார்.

கமிஸ்கி பார்க்கில் தொடங்கிய இரண்டு நட்சத்திரப் போட்டிகள் அன்று ஒன்றாகத் தொடங்கின. ஆயினும் இதன் மறுபக்கமும் உண்டு. சிறந்த வீரர்கள் வெளியேறிய பின்னர் கறுப்பினக் கூட்டிணைவுகள் விரைவில் நலிந்தன. அவற்றை நம்பியிருந்த அணி உரிமையாளர்களும், வயது கடந்துவிட்ட வீரர்களும் எவ்வித ஈடும் பெறவில்லை.

விசாரணைக் குழுமுன் சாட்சியம்

நட்சத்திரப் போட்டி நடந்து ஆறு நாட்கள் கழித்து, ஜூலை 18 அன்று, ராபின்சன் வாசிங்டனில் அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் பிரதிநிதிகள் சபைக் குழுவின்முன் தோன்றினார். புகழ்பெற்ற பாடகரும் நடிகருமான பால் ராப்சன் அவ்வாண்டு ஏப்ரலில் பாரிஸ் அமைதி மாநாட்டில் பேசியதே இதற்குக் காரணம். சோவியத் ஒன்றியத்துக்கு எதிரான போரில் அமெரிக்கக் கறுப்பினத்தவர் பங்கேற்க மாட்டார்கள் என்று அவர் கூறியதாகச் செய்திகள் வெளியாயின. இதை மறுக்க ஒரு கறுப்பினப் பிரமுகர் தேவைப்பட்டார். மக்களின் வாக்கால் நாடறிந்த நட்சத்திரமாகிவிட்ட ராபின்சனைவிடப் பொருத்தமானவர் யார்?

செல்வதா வேண்டாமா என்று அவர் மிகவும் தயங்கினார். ரிக்கி ஊக்குவித்தார். ராபின்சனின் அறிக்கை இரு பகுதிகளைக் கொண்டது. இனப்பாகுபாடு உண்மையானது என்றும், கம்யூனிஸ்டுகள் அதைக் கண்டிப்பதால் அது பொய்யாகிவிடாது என்றும் அவர் கூறினார். ராப்சன் அவ்வாறு பேசியிருந்தால் அது அறிவற்ற பேச்சு என்றும் கூறினார். மறுநாள் நாளேடுகள் இரண்டாம் பகுதியையே பெரிதாக வெளியிட்டன.

ராப்சனும் தம் கல்லூரியில் இதே நான்கு விளையாட்டுகளில் சின்னம் பெற்றவர். அதைவிட முக்கியமாக, 1943 டிசம்பரில் அடிபந்தாட்ட அணி உரிமையாளர்களின் கூட்டத்துக்கு நேரில் சென்று நிறத்தடையை நீக்குமாறு வேண்டியவர் அவர். தமக்கான கதவைத் தட்டிய ஒருவருக்கு எதிராகவே ராபின்சன் சாட்சியமளிக்க நேர்ந்தது. 1950 இல் ராப்சனின் கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது. 1958 வரை அவரால் வெளிநாடு செல்ல இயலவில்லை.

அவ்வாண்டு ராபின்சன் .342 சராசரி, 124 ஈட்டிய ஓட்டங்கள், 37 தளத் திருட்டுகள் ஆகியவற்றுடன் தேசியக் கூட்டிணைவின் மிகமதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றார்.

பிந்தைய ஆட்ட ஆண்டுகள்

1949 முதல் 1954 வரை ஆறு நட்சத்திரப் போட்டிகளுக்குத் தொடர்ந்து தெரிவானார். 1952 போட்டியில் முதல் இன்னிங்ஸிலேயே ஹோம் ரன் அடித்தார். அப்போட்டி நடந்தது பிலடெல்பியாவில். 1950 இல் தம் வாழ்க்கையைக் கூறும் திரைப்படத்தில் தாமே நடித்தார். 1955 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் யாங்கீஸின் பிடிப்பாளர் யோகி பெர்ராவைத் தாண்டி வீட்டுத் தளத்தைத் திருடியது இன்றும் பேசப்படுகிறது. தாம் பந்தைத் தொட்டு அவரை வீழ்த்திவிட்டதாகப் பெர்ரா இறுதிவரை வாதிட்டார். அத்தொடரில் புரூக்ளின் முதன்முறையாக உலக வாகை சூடியது. 1956 டிசம்பரில் டாட்ஜர்ஸ் அவரை நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு மாற்ற முற்பட்டபோது அங்கு செல்லாமல் ஓய்வு பெற்றார். பத்துப் பருவங்களில் அவரது சராசரி .311. தளத் திருட்டுகள் 197, அவற்றுள் 19 வீட்டுத் தளத்தில்.

ஓய்வுக்குப் பின்

1957 முதல் 1964 வரை ஒரு காப்பி நிறுவனத்தின் துணைத் தலைவராகப் பணியாற்றினார். 1962 இல் அடிபந்தாட்டப் புகழவையில் இடம்பெற்ற முதல் கறுப்பின வீரரானார். குடியுரிமைப் போராட்டங்களுக்கு நிதி திரட்டினார், ஊர்வலங்களில் நடந்தார். ஹார்லெமில் ஃபிரீடம் நேஷனல் வங்கி தோன்றக் காரணமானோருள் ஒருவர். 1960 தேர்தலில் ரிச்சர்டு நிக்சனை ஆதரித்துப் பின்னர் அதற்காக வருந்தினார். 1968 இல் நிக்சனுக்கு எதிராக நின்றார். 1969 இல் யாங்கீ அரங்கில் மூத்த வீரர்களுக்கான காட்சிப் போட்டிக்கு வந்த அழைப்பை மறுத்தார். கறுப்பினத்தவர் எவரும் அணி மேலாளராகவோ நிருவாகியாகவோ அமர்த்தப்படாததே அதற்கு அவர் கூறிய காரணம்.

போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு, அதற்கெதிராகப் பணியாற்றிவந்த மூத்த மகன் ஜாக்கி 1971 இல் 24 வயதில் வாகன விபத்தில் இறந்தார். நீரிழிவால் ராபின்சனின் பார்வையும் குன்றிவந்தது.

1972 இல் வெளியான தன்வரலாற்றில் 1949 சாட்சியத்தை மீண்டும் எடுத்துக்கொண்டார். அத்தகைய அழைப்பு இப்போது வந்தால் மறுத்துவிடுவேன் என்றும், பிறர் நலனுக்காகத் தம் வாழ்வையும் வருவாயையும் இழந்த ராப்சன்மீது தமக்கு மதிப்புக் கூடியுள்ளது என்றும் எழுதினார். நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நின்று பாடத் தம்மால் இயலவில்லை என்றும் அதே நூலில் குறிப்பிட்டார். சாட்சியம் அளித்ததையும் அவர் முற்றாகத் தள்ளிவிடவில்லை. அன்றைய வயதில் அன்றைய நம்பிக்கையுடன் பேசியதாகவே விளக்கினார்.

மறைவும் நினைவும்

அக்டோபர் 15, 1972 அன்று சின்சினாட்டியில் உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டத்துக்கு முன்னர் அவர் கௌரவிக்கப்பட்டார். நன்றி கூறிய கையோடு, ஒரு கறுப்பின மேலாளரைக் காண விரும்புவதாகவும் அங்கேயே சொன்னார். ஒன்பது நாட்கள் கழித்து, அக்டோபர் 24 அன்று, கனெடிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்டில் மாரடைப்பால் காலமானார். அப்போது வயது 53. புரூக்ளினின் சைப்ரஸ் ஹில்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1974 இல் கிளீவ்லாந்து அணி ஃபிராங்க் ராபின்சனை மேலாளராக அமர்த்தியது. இவர் ஜாக்கிக்கு உறவினர் அல்லர்.

நட்சத்திரப் போட்டி நடந்த எபெட்ஸ் ஃபீல்டு 1960 இல் இடிக்கப்பட்டு அவ்விடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. 1997 இல் ராபின்சன் அணிந்த 42 ஆம் எண் முதன்மைக் கூட்டிணைவுகளின் எல்லா அணிகளிலும் ஓய்வளிக்கப்பட்டது. 2004 முதல் ஏப்ரல் 15 ஜாக்கி ராபின்சன் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2020 டிசம்பரில் கறுப்பினக் கூட்டிணைவுகளின் 1920–1948 காலப்பகுதி முதன்மைக் கூட்டிணைவாக ஏற்கப்பட்டு, 2024 இல் அவற்றின் புள்ளிவிவரங்கள் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. இதன்படி ராபின்சனின் ஆட்டக் கணக்கு இப்போது 1947 இல் அன்றி, கான்சஸ் சிட்டியில் அவர் ஆடிய 1945 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது.